ஒரு பக்கம் சாய்ந்த காந்தக் கண்ணி



இயற்பியல் துறையின் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றதும் கருந்துளை, குவாண்டம் கணினி என்று ஏதோ ஒன்றை எதிர்பார்த்துச் சிலர் வந்திருக்கலாம். நான் பேசப்போவது ஒன்றிரண்டு அணு அடுக்குகளின் கனத்துக்குள் முடிந்துவிடுகிற ஒரு சங்கதி. இருவகைக் காந்தப் பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டால் அவை தொட்டுக்கொள்ளும் எல்லையில் என்ன நடக்கிறது? அதற்குப் பரிமாற்றச் சார்பு என்று பெயர். இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் நோபல் பரிசு பெற்ற வேறொரு கண்டுபிடிப்பு, இது இல்லாமல் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்திருக்காது என்பது என் கட்சி. இன்னொன்றும் சொல்வேன்: இந்த விளைவு முழுவதையும் தாங்கி நிற்பவை எல்லையில் ஒழுங்கு தவறி நிற்கும் மிகச் சில அணுக்கள். அதைக் கண்டுகொள்ள நமக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு பிடித்தது. சமன்பாடு ஒன்றே ஒன்றுதான் வரும். அதையும் சொற்களாலேயே சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் எல்லோரும் வரைந்த படம் ஒன்று உண்டு, காந்தத் தயக்கக் கண்ணி. கிடை அச்சில் நாம் கொடுக்கும் காந்தப்புலம். செங்குத்து அச்சில் பொருளின் காந்தமாக்கம். புலத்தை ஏற்றினால் காந்தமாக்கம் ஏறித் தெவிட்டும். புலத்தைச் சுழியாக்கினாலும் கொஞ்சம் மிஞ்சும். அதையும் போக்க எதிர்த்திசையில் புலம் கொடுக்க வேண்டும். அந்த அளவுதான் காந்த நீக்குத்திறன். படத்தின் வடிவம் பொருளுக்குப் பொருள் மாறும். இரும்புக்கு ஒல்லியாக இருக்கும், நிலைக்காந்தத்துக்கு அகன்றிருக்கும். மாறாதது ஒன்று: கண்ணி மையத்தைச் சுற்றிச் சமச்சீராக இருக்கும். வலப்பக்கம் திருப்ப எவ்வளவு புலம் வேண்டுமோ, இடப்பக்கம் திருப்பவும் அவ்வளவே. ஃபெர்ரோ காந்தத்துக்கு விருப்பமான அச்சு இருக்கலாம். அந்த அச்சின் இரு முனைகளில் எதன்மேலும் அதற்குத் தனிப்பற்று கிடையாது.

1956-ல் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் மிக்கிள்ஜான், பீன் என்ற இருவர் இந்தச் சமச்சீர் குலைந்த கண்ணியைப் பார்த்தார்கள். அவர்கள் அதைத் தேடிப் போகவில்லை. நுண்துகள்களை அழுத்திச் சேர்த்து நல்ல நிலைக்காந்தம் செய்ய முடியுமா என்பதுதான் அந்நாளில் அந்த ஆய்வகத்தின் அக்கறை. கையில் இருந்தது கோபால்ட் துகள், சுமார் 20 நானோமீட்டர் அளவு. அந்த அளவுக்குப் பொடியான உலோகம் காற்றுப் பட்டால் மேலே ஆக்சைடு படியாமல் இருக்காது. ஆக, ஒவ்வொரு துகளும் உள்ளே கோபால்ட், வெளியே கோபால்ட் ஆக்சைடு உறை.

அந்தப் பொடியை ஒரு டெஸ்லா அளவிலான புலத்தில் வைத்தபடியே 77 கெல்வினுக்கு, அதாவது திரவ நைட்ரஜனின் கொதிநிலைக்குக் குளிர்வித்து, பிறகு கண்ணியை வரைந்தார்கள். கண்ணி முழுவதுமாக ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. குளிர்வித்தபோது புலம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையிலேயே காந்தமாக்கம் நிற்க விரும்பியது. எதிர்ப்பக்கம் திருப்பக் கூடுதல் புலம் வேண்டியிருந்தது. அதே பொடியைப் புலமில்லாமல் குளிர்வித்தால் கண்ணி மையத்துக்குத் திரும்பிவிட்டது. பொருள் ஒன்று, வெப்பநிலை ஒன்று. வேறுபாடு எல்லாம் அது எப்படிக் குளிர்ந்தது என்பதில்தான்.

கண்ணி நகர்ந்தால் முதலில் கருவியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அவர்கள் திருப்புவிசையையும் அளந்து பார்த்தார்கள். மாதிரியைப் புலத்தில் மெல்லச் சுழற்றி, ஒவ்வொரு கோணத்திலும் அது எவ்வளவு முறுக்குகிறது என்று பார்க்கும் முறை இது. இந்த முறை நமக்கு அந்நியமானதன்று. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, திசைக்குத் திசை அவற்றின் காந்தப் பண்பு மாறுவதை இப்படித்தான் அளந்தார். சாதாரணமாக, விருப்பமான அச்சு ஒன்று உள்ள காந்தத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால் திருப்புவிசை இரண்டு அலைகளாக வரும், ஏனென்றால் இளைப்பாறும் நிலைகள் இரண்டு. கோபால்ட் பொடி ஒரே ஓர் அலையைத்தான் காட்டியது. முழுச் சுற்றில் அதற்கு நிம்மதியான நிலை ஒன்றே. திசைவேறுபாட்டில் இது புதுவகை என்று அறிவித்த அவர்களது முதல் கட்டுரை மிகச் சிறியது. காரணத்தையும் அதிலேயே சரியாகச் சொல்லிவிட்டார்கள். குற்றவாளி அந்த ஆக்சைடு உறை.

கோபால்ட் ஆக்சைடு ஓர் எதிர் ஃபெர்ரோ காந்தப் பொருள். அதன் அணுக்கள் ஒவ்வொன்றும் காந்தமே. ஆனால் அடுத்தடுத்த அடுக்குகளில் இருப்பவை நேரெதிர்த் திசைகளைப் பார்த்து நிற்பதால், கூட்டிப் பார்த்தால் மிச்சம் சுழி. வெளியே ஒரு காந்தமுள்ளை வைத்தால் அசையாது. இப்படி ஓர் ஒழுங்கு இருக்க முடியும் என்று 1930-களில் சொன்னவர் பிரான்சின் லூயி நேல். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் இந்த ஒழுங்கு கலைந்துவிடும். அதற்கு அவர் பெயரையே வைத்து நேல் வெப்பநிலை என்கிறோம். கோபால்ட் ஆக்சைடுக்கு அது சுமார் 291 கெல்வின், நம் கணக்கில் 18 டிகிரி செல்சியஸ். சென்னையில் குளிரூட்டி இல்லாத அறையில் அது என்றைக்கும் ஒழுங்கு கலைந்தே கிடக்கும். உண்மையில் அடுத்தடுத்த அடுக்குகள் எதிரெதிராகத்தான் நிற்கின்றனவா என்பதை நேரில் காட்ட 1949 வரை பொறுக்க வேண்டியிருந்தது. ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஷல், ஸ்மார்ட் இருவரும் மாங்கனீஸ் ஆக்சைடில் நியூட்ரான்களைச் செலுத்தி அதைக் காட்டினார்கள்.

நேலுக்கு 1970-ல் நோபல் பரிசு கிடைத்தது. தம் நோபல் உரையில் அவர் எதிர் ஃபெர்ரோ காந்தப் பொருள்களைப் பற்றி, கோட்பாட்டு நோக்கில் மிகச் சுவையானவை, பயன் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை என்ற பொருள்படச் சொன்னார். மிக்கிள்ஜான், பீன் கட்டுரை வந்து அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரு வகைக் காந்தப் படலங்களும் பிணையும்போது என்ன ஆகும் என்று நேலே 1967-ல் நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். அப்படியிருந்தும் பயன் கண்ணுக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும் அதே விடையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இனி, விளைவு எப்படி வருகிறது என்று பார்ப்போம். அறை வெப்பநிலையில் கோபால்ட் மட்டும் ஒழுங்கோடு இருக்கிறது. அதன் ஒழுங்கு கலையும் கியூரி வெப்பநிலை ஆயிரம் கெல்வினுக்கு வெகு மேலே. புலம் அதை ஒரே திசையில் நிறுத்திவைக்கிறது. குளிர்விக்கும்போது ஆக்சைடு நேல் வெப்பநிலையைக் கடந்து ஒழுங்குக்கு வருகிறது. எல்லையில் இருக்கும் ஆக்சைடு அணுக்கள், பக்கத்திலுள்ள கோபால்ட் அணுக்களோடு பரிமாற்ற இடைவினையால் பிணைந்து, அவற்றுக்கு ஒத்த திசையைத் தேர்ந்துகொள்கின்றன. அவற்றுக்குக் கீழே உள்ள அடுக்குகள் வரிசையாக எதிரெதிர்த் திசைகளில் உறைகின்றன. பிறகு நாம் புலத்தைத் திருப்பினால் கோபால்ட் திரும்பப் பார்க்கும். ஆக்சைடு திரும்பாது, மொத்தக் காந்தத் திருப்புத்திறன் சுழியாக இருப்பதால் புலத்துக்கு அதில் பற்றுவதற்குப் பிடியே இல்லை. வெளிக்காந்தம் எதற்கும் அசையாத இந்தப் பிடிவாதத்தைத்தான் பயனின்மை என்று நினைத்தோம். எல்லை அணுக்கள் கோபால்ட்டைப் பழைய திசைக்கே இழுத்துக்கொண்டிருக்கும். கண்ணி சாயும்.

தொடக்கத்தில் சொன்ன ஒரே சமன்பாடு, மிக்கிள்ஜான், பீன் இருவருடையது, இதுதான்: கண்ணி நகரும் அளவு, எல்லையின் பரிமாற்ற ஆற்றலை ஃபெர்ரோ காந்தப் படலத்தின் காந்தமாக்கத்தாலும் தடிமனாலும் வகுத்தால் வரும். தடிமனை இரட்டித்தால் நகர்வு பாதியாகும். இது மேற்பரப்பு விளைவு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம், ஆய்வகங்கள் இதை எண்ணற்ற முறை சரிபார்த்திருக்கின்றன. மெல்லிய படலங்கள் இந்தக் கதைக்குள் வந்ததற்கும் இதுவே காரணம். பருமனான துண்டில் இந்த விளைவு இருந்தும் இல்லாதது போல. பத்து நானோமீட்டர் படலத்தில் அதுவே ஆட்சி செய்கிறது.

தடிமன் பற்றிய பகுதி சரியாக இருந்தது. ஆற்றல் பற்றிய பகுதிதான் தலைவலி. எல்லையில் ஒவ்வோர் அணுவும் எதிரிலுள்ள அணுவோடு முழுமையாகப் பிணைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அளவீட்டில் கிடைப்பதைப் போலப் பத்து மடங்கு, சில நேரம் நூறு மடங்கு பெரிய நகர்வு வருகிறது. கோட்பாட்டில் இரண்டு மூன்று மடங்கு பிசகினால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். நூறு மடங்கு என்பது அடிப்படையிலேயே ஏதோ புரியவில்லை என்பதன் அறிகுறி.

1987-ல் இரண்டு விடைகள் வந்தன, இரண்டும் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர்களிடமிருந்து. மௌரியும் அவருடைய குழுவினரும், எதிர் ஃபெர்ரோ காந்தம் அசையாமல் நிற்கிறது என்ற எடுகோளே தவறு என்றார்கள். ஃபெர்ரோ படலம் திரும்பும்போது எதிர்ப்பக்க அடுக்குகளும் எல்லைக்கு அருகே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொள்கின்றன. திருப்புவதற்கான செலவு பல அடுக்குகளில் பரவிவிடுவதால் நகர்வு குறைகிறது. மலோசெமாஃப் வேறு வழியில் போனார். எந்த எல்லையும் அணு அளவில் சமதளமாக இருக்காது. ஓர் அணு உயரப் படி வந்தாலே எதிரில் நிற்கும் அணுவின் திசை தலைகீழாகிவிடும். ஆகவே ஓரிடத்தில் சாதகமான பிணைப்பு, பக்கத்திலேயே பாதகமான பிணைப்பு, பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். தற்செயலாக மிஞ்சும் சிறுபகுதியே நாம் அளப்பது. எனக்கு இன்றும் மலோசெமாஃபின் வழியில்தான் பற்று அதிகம். காகிதத்தில் வரையும் எல்லையை விட்டுவிட்டு, ஆய்வகத்தில் உண்மையில் கிடைக்கும் எல்லையை அவர் எடுத்துக்கொண்டார்.

குழப்பத்தைக் கூட்டியவை இரும்பு ஃபுளோரைடு மேல் இரும்புப் படலம் வைத்து இவான் ஷூல்லர், ஜோசெப் நோகெஸ் முதலியோர் 1990-களில் செய்த சோதனைகள். எதிர் ஃபெர்ரோ படிகத்தைச் சில தளங்களில் வெட்டினால் மேற்பரப்பில் எல்லா அணுக்களும் ஒரே திசையைப் பார்க்கும். வேறு சில தளங்களில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், ஈடுசெய்யப்பட்ட பரப்பு. ஈடுசெய்யப்பட்ட பரப்பில் இழுப்பு சமமாகிப் போவதால் நகர்வு சுழியாக இருக்க வேண்டும் என்பது எளிய எதிர்பார்ப்பு. சுழியாக இல்லை, தாராளமாகவே வந்தது. போதாக்குறைக்கு, இதே குடும்பத்துப் பொருள்களில் வலுவான புலத்தில் குளிர்வித்தபோது கண்ணி வழக்கமான பக்கத்தை விட்டு மறுபக்கம் நகர்வதையும் கண்டார்கள். 1997-ல் கூன், ஈடுசெய்யப்பட்ட பரப்பின் மேல் ஃபெர்ரோ அணுக்கள், எதிர் ஃபெர்ரோ அணுக்களின் திசைக்குச் செங்குத்தாக நிற்பதே ஆற்றலுக்கு உகந்தது என்று காட்டி, அதிலிருந்து நகர்வும் வரும் என்றார். அடுத்த ஆண்டே ஷுல்தஸ், பட்லர் இருவரும் அணுக்கள் எல்லாத் திசைகளிலும் திரும்பலாம் என்று விட்டுக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். செங்குத்துப் பிணைப்பு நிஜம், அதனால் கண்ணி அகலும், ஆனால் நகராது என்று தெரிந்தது. நல்ல முயற்சி, நல்ல மறுப்பு. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்படி என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

திருப்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 2000-ல் ஆகென், டூயிஸ்பர்க் ஆய்வாளர்கள் கோபால்ட் ஆக்சைடுக்குள் காந்தமில்லாத மெக்னீசிய அணுக்களை வேண்டுமென்றே கலந்தார்கள். கலப்படம் எல்லையில் இல்லை. எல்லையைத் தொடாமல் படலத்தின் உள்ளே மட்டும். எதிர் ஃபெர்ரோ காந்தத்தைக் கெடுத்தால் பிடிப்பு தளர வேண்டுமல்லவா? கூடியது. காந்தமில்லாத அணுக்கள் இருக்கும் இடங்களில், ஒரே ஒழுங்கில் நிற்கும் பகுதிகளை, அதாவது டொமைன்களை, பிரிக்கும் சுவர்கள் எளிதாக உருவாகி அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு டொமைனிலும் ஈடாகாத சிறு காந்தமாக்கம் மிஞ்சுகிறது. அந்த மிச்சம்தான் எல்லை வழியாக ஃபெர்ரோ படலத்தை இழுக்கிறது. குறையற்ற படிகத்தில் இந்த மிச்சம் இருக்காது. சுத்தமான மாதிரி செய்வதே திறமை என்று பழகிய துறைக்கு இது கசப்பு மருந்து.

அந்த மிச்சம் எவ்வளவு என்று எண்ணிச் சொன்னது எக்ஸ் கதிர். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ் கதிரை உறிஞ்சும். வட்ட முனைவாக்கம் கொண்ட கதிரைப் பயன்படுத்தினால், ஃபெர்ரோ படலத்தை விட்டுவிட்டு எதிர் ஃபெர்ரோ படலத்தின் மாங்கனீசுக்கோ நிக்கலுக்கோ மட்டும் தனியாகக் கண்ணி வரையலாம். ஓல்டாக், ஷ்டோர் முதலியோர் 2003-ல் அப்படி வரைந்தார்கள். எல்லையில் ஈடாகாத அணுக்கள் இருந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஃபெர்ரோ படலம் திரும்பும்போது கூடவே திரும்பிவிட்டன. அவற்றால் நகர்வு வராது. திரும்பாமல் ஊன்றி நின்றவை, ஓர் அணு அடுக்கில் சுமார் 4 விழுக்காடு மட்டுமே. அந்த 4 விழுக்காட்டை மிக்கிள்ஜான், பீன் சமன்பாட்டில் போட்டால் அளவீட்டோடு ஒத்துப்போகிறது. ஆக, 1956-ன் சமன்பாட்டில் தவறே இல்லை. எல்லோரும் இழுக்கிறார்கள் என்று நாம் நினைத்ததுதான் தவறு. திருவிழாத் தேர் ஓடும்போது பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்கும் ஆயிரம் பேரில் தேரை நிறுத்துகிறவர் ஒருவருமில்லை, சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை கொடுக்கும் சிலர்தான் அந்தப் பாரத்தை நிறுத்துகிறார்கள். ஊன்றிய அணுக்களின் வேலை அதுவே.

முட்டு கொஞ்சம் கொஞ்சமாக நழுவவும் செய்யும். கண்ணியைத் திரும்பத் திரும்ப வரைந்தால் நகர்வு குறைந்துகொண்டே போகும். முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இடையே சரிவு மிக அதிகம். வெப்பநிலை ஏறினாலும் நழுவும். பெரும்பாலும் நேல் வெப்பநிலைக்கு முன்பாகவே, தடுப்பு வெப்பநிலை என்ற அளவில் நகர்வு முழுவதும் போய்விடும். படலம் மெலிந்தால் தடுப்பு வெப்பநிலை இன்னும் கீழே இறங்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி என் கட்சிக்கு வருகிறேன். மிக்கிள்ஜான், பீன் கட்டுரை வந்த அதே 1956-ல், செப்டம்பர் மாதம், ஐபிஎம் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் கருவியை அறிவித்தது. ராமாக் என்று பெயர். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், மொத்தம் 50 லட்சம் எழுத்துகள். இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பிருப்பதாக அன்று எவருக்கும் தோன்ற வழியில்லை. நாற்பது ஆண்டுகளில் தட்டில் ஒரு பிட் பிடிக்கும் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. அதிலிருந்து கசியும் காந்தப்புலமும் அதோடு சிறுத்தது. அந்தச் சின்னப் புலத்தைப் படிக்க ஓர் உணர்வி தேவைப்பட்டது.

1988-ல் பிரான்சில் அல்பேர் ஃபெர் குழுவினரும் ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க் குழுவினரும் மாபெரும் காந்தமின்தடையைக் கண்டார்கள். இரும்பு, குரோமியப் படலங்களை மாற்றி மாற்றி அடுக்கியபோது, இரும்புப் படலங்கள் ஒரே திசையில் நின்றால் மின்தடை குறைவு, எதிரெதிராக நின்றால் அதிகம். ஃபெர் குழுவின் மாதிரியில் மின்தடை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2007-ன் நோபல் பரிசு இதற்குத்தான், தகுதியான பரிசு. ஆனால் அந்தக் குறைவைப் பெற திரவ ஹீலியக் குளிரில் 2 டெஸ்லா புலம் கொடுக்க வேண்டியிருந்தது. ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பிட் தருவது அதில் மிகச் சிறு பங்குதான். படலங்களை எதிரெதிராக நிறுத்தும் பிணைப்பு அவ்வளவு முரட்டுத்தனமானது. அதை முறித்தால்தான் மின்தடை மாறும்.

ஐபிஎம் நிறுவனத்தின் ஆல்மடேன் ஆய்வகத்தில் பெர்னார் தியெனி, ஸ்பெரியோசு, பார்க்கின் முதலியோர் 1991-ல் வெளியிட்ட வழி மிக எளிமையானது. அடுக்குகள் பல வேண்டாம், இரண்டு போதும். நடுவே இரண்டு மூன்று நானோமீட்டர் செம்பு. ஒரு நிக்கல்-இரும்புப் படலத்தைக் கட்டில்லாமல் விடு. மற்றதன் முதுகில் இரும்பு-மாங்கனீஸ் என்ற எதிர் ஃபெர்ரோ காந்தத்தைப் படியவிட்டு ஊன்றிவிடு. இனி சின்னஞ்சிறு புலம் வந்தாலும் கட்டற்ற படலம் திரும்பும், ஊன்றியது அசையாது. இரண்டுக்கும் இடையிலான கோணம் மாறும், மின்தடை மாறும். மாற்றம் சில விழுக்காடுதான். ஆனால் அது அறை வெப்பநிலையில், ஒரு மில்லி டெஸ்லா அளவிலான புலத்தில் கிடைத்தது. இதற்கு ஸ்பின் வால்வு என்று பெயர். 1997 இறுதியில் ஐபிஎம்மின் டெஸ்க்ஸ்டார் ஹார்ட் டிஸ்க்கில், 16.8 கிகாபைட் கொள்ளளவோடு, அது கடைக்கு வந்தது. காந்தமின்தடையைக் கண்டவர்கள் இயற்பியலைத் தந்தார்கள். அதைப் பண்டமாக்கியது பரிமாற்றச் சார்பு. மிக்கிள்ஜான், பீன் பெயர்களைத் துறைக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? பீனுக்காவது மீக்கடத்திகளில் அவர் பெயர் தாங்கிய மாதிரி ஒன்று இருக்கிறது.

சென்னைக்கும் இதில் ஒரு சிறு இழை உண்டு. காந்தப் படலங்களுக்கு நடுவே உலோகத்தை எடுத்துவிட்டு, எலெக்ட்ரான்கள் ஊடுருவித் தாண்டும் மெல்லிய காப்புப் படலத்தை வைத்து, அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 12 விழுக்காடு மாற்றத்தை 1995-ல் காட்டியவர் எம்ஐடியின் ஜெகதீஷ் மூடேரா; முனைவர் பட்டம் பெற்றது சென்னை ஐஐடியில். ஜப்பானில் மியாசாகி குழுவும் அதே ஆண்டு அறிவித்தது. மூடேராவின் முதல் மாதிரிகளில் எதிர் ஃபெர்ரோ ஊன்றல் இல்லை. இரு படலங்களின் நீக்குத்திறன் வேறுபாடே போதுமானதாக இருந்தது. தொழிற்சாலைக்கு வந்தபோது அங்கும் ஊன்றிய படலம் சேர்ந்துகொண்டது. இன்றைய ஹார்ட் டிஸ்க்கின் படிக்கும் தலையில் இருப்பது அந்த வகைதான்.

எதை வைத்து ஊன்றுவது என்பது தனிக் கலை. இரும்பு-மாங்கனீஸ் அரித்துப்போகும். நிக்கல் ஆக்சைடு அரிக்காது, பிடிப்பு போதாது. பிளாட்டினம்-மாங்கனீஸ் சூட்டைத் தாங்கும். ஆனால் படியும்போது ஒழுங்கற்ற அமைப்பில் படிவதால், சில நூறு டிகிரி வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்து ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். இப்போது பெரிதும் கையாளப்படுவது இரிடியம்-மாங்கனீஸ். சில நானோமீட்டர் போதும், நல்ல பிடிப்பு. இரிடியம் பூமியில் அரிதாகக் கிடைப்பது என்பதால் மாற்றுத் தேடுவோர் இருக்கிறார்கள். இணையான ஒன்று இன்னும் அகப்படவில்லை. எந்த உலோகமானாலும் கடைசிப் படி ஒன்றே: வேண்டிய திசையில் புலம் கொடுத்து, காய்ச்சி, புலத்திலேயே ஆற்றுவது. ஸ்கெனெக்டடியில் செய்ததேதான்; நைட்ரஜனுக்குப் பதிலாக உலை. கோணம் அளக்கும் உணர்விகளில் ஒரே சில்லின் வெவ்வேறு மூலைகளுக்கு வெவ்வேறு ஊன்றுதிசை தேவைப்படும்போது, லேசரால் அந்தந்த மூலையை மட்டும் சூடாக்கித் திசையை எழுதுகிறார்கள். முன்பு சொன்ன தடுப்பு வெப்பநிலை இங்கே கருவியாகிவிடுகிறது.

அதுவே முட்டுக்கட்டையாகவும் இருக்கிறது. படிக்கும் தலை இன்னும் மெலிய வேண்டும். அதிலுள்ள அடுக்குகளில் தடிப்பானவற்றுள் ஒன்று இந்த எதிர் ஃபெர்ரோ படலம். அதை மெலியவைத்தால் தடுப்பு வெப்பநிலை சரிந்து பிடிப்பு போய்விடும். எதிர்த்திசையில் சென்ற வெற்றியும் உண்டு. 4 நானோமீட்டர் கோபால்ட் துகள் தன் காந்தத் திசையைத் தக்கவைக்க இயலாத அளவுக்குச் சிறியது. சுமார் 10 கெல்வினுக்கு மேல் வெப்பமே அதைப் புரட்டிக்கொண்டிருக்கும். அதே துகளைக் கோபால்ட் ஆக்சைடுக்குள் பதித்தால் 290 கெல்வின் வரை தாக்குப்பிடிக்கிறது என்று 2003-ல் ஸ்கும்ரியெவ் முதலியோர் காட்டினார்கள். அந்த 290 எங்கிருந்து வந்தது என்று இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கடைசியாக மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பரிமாற்றச் சார்பு என்ற பெயரில் வெளிவரும் கட்டுரைகள் பெருகிவிட்டன. அவற்றில் ஒரு பகுதியை நான் நம்புவதில்லை. பொருளைத் தெவிட்டும் வரை காந்தமாக்காமல் பாதியில் நின்று கண்ணி வரைந்தால், எந்தக் காந்தத்தின் கண்ணியும் ஒரு பக்கம் நகர்ந்ததுபோலத்தான் தெரியும். அது விளைவல்ல, வேலையை முடிக்காததன் அடையாளம். அளவுக் கருவியின் மீக்கடத்திக் காந்தத்தில் சிக்கிக்கொள்ளும் எஞ்சிய புலமும் சில மில்லி டெஸ்லா நகர்வைப் பொய்யாகக் காட்டும். ஆகவே நகர்வு ஒன்றைக் கண்டதும் எதிர்த்திசைப் புலத்தில் குளிர்வித்துப் பாருங்கள். நகர்வும் திசை மாற வேண்டும். புலத்தைக் கூட்டிப் பாருங்கள். கண்ணியின் இரு கிளைகளும் ஒன்றுசேர்வதைப் படத்திலேயே காட்டுங்கள். எத்தனையாவது சுற்று என்று எழுதுங்கள்.

இதற்குப் பெரிய வசதி தேவையில்லை. பத்து நானோமீட்டர் கோபால்ட் படலம் ஒன்றை ஸ்பட்டரிங் முறையில் படியவைத்துக் காற்றில் விட்டுவிடுங்கள். ஆக்சைடு உறை தானே வந்துவிடும். அதிர்வு மாதிரிக் காந்தமானியும் திரவ நைட்ரஜனும் இருந்தால் போதும். முதுநிலை ஆய்வகத்தில் இதை ஒரு சோதனையாகச் சேர்க்கும்படி இங்கு வந்திருக்கும் கல்லூரிப் பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். புலத்தில் குளிர்வித்து ஒரு கண்ணி, புலமின்றிக் குளிர்வித்து ஒரு கண்ணி: இரண்டையும் ஒரே தாளில் வரைந்து மாணவரிடம் கொடுத்து, வேறுபாடு ஏன் என்று எழுதச் சொல்லுங்கள்.